செட்டு பாஸ், வண்டி ஃபெயில்

கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கும்போது என் ஒரு கையில் பெட்டி, மறு கையில் ஹெல்மெட். ரயிலில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்த எதிர் சீட்டுப் பெரியவர், கீழே வைத்தால் என்ன என்று கேட்டார். ஹெல்மெட் ஒரு தடவை கீழே விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும், அப்புறம் அது தலைக்கு உதவாது என்றேன். அவர் ஹெல்மெட்டைப் பார்க்கவில்லை. என் தலையைத்தான் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

ஈப்போவில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். இருபத்தெட்டு வருடமாகச் செய்கிறேன். சமையலறையில் திரும்பும்போதுகூட நான் தோளுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன் என்பது என் மனைவியின் புகார். அப்படிப்பட்டவன் பத்து நாள் லீவில் இந்தியா வருவதென்றால் சும்மா வர முடியுமா? இங்கே மோட்டார் சைக்கிளுக்குச் சட்டப்படி என்னென்ன வேண்டும் என்று படித்து, ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தேன். ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட். கண்ணாடி, இண்டிகேட்டர். பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ள ஒரு பிடி, கால் வைக்க மிதி. பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க ஒரு கம்பித் தடுப்பு. இந்தக் கடைசி விதியைப் படித்ததும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. சேலையை நினைத்துப் பார்த்துச் சட்டம் எழுதிய நாடு என்றால் அது எவ்வளவு ஒழுங்கான நாடாக இருக்க வேண்டும்.

ஸ்டேஷன் வாசலில் என் சித்தப்பா மகள் சகாயமேரி மொபெட்டோடு நின்றாள். சாமியார் வந்து அவள் புது வீட்டை மந்திரிக்கும் விசேஷத்துக்குத்தான் நான் வந்திருந்தேன். தங்கையைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். நானோ வண்டியைச் சுற்றி வந்தேன். கண்ணாடி இல்லை. இண்டிகேட்டர் இருந்த இடத்தில் நான்கு ஓட்டை. சேலைத் தடுப்பு இல்லை, சேலை இருந்தது. ஹெல்மெட் எங்கே என்றேன். வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்றாள். மொத்த வண்டியிலும் பூரண ஆரோக்கியத்தோடு இருந்தது ஹாரன் ஒன்றுதான்.

வேறு வழியில்லாமல் பின்னால் ஏறினேன். ஏறுவதற்கு முன் எங்கள் ஊர் வழக்கப்படி ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டேன். காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க மலேசியாவில் எல்லோரும் அப்படித்தான் போடுவோம், ஜிப் முதுகுப் பக்கம் இருக்கும். டீக்கடையில் நின்ற ஒருவர் கிளாஸை வைத்துவிட்டு எங்களிடம் வந்தார். சகாயமேரியை ஓரமாகக் கூப்பிட்டு, அண்ணனுக்கு உடம்புக்கு எதுவும் முடியவில்லையா என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

சித்தையன்கோட்டையைத் தாண்டி வயல்களுக்கு நடுவே அவள் வீடு. போன கொஞ்ச நேரத்திலேயே வண்டியின் மற்ற சாமான்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. ஹெல்மெட் அடுப்படியில் தொங்கியது, உள்ளே சின்ன வெங்காயம். ஒரு கண்ணாடி குளியலறை ஆணியில். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் கணவர் மாதம் ஒரு தடவை வந்து அதைப் பார்த்துத்தான் சவரம் செய்வாராம். இன்னொன்றை அவள் தலைவாரும் இடத்தில் மாட்டியிருந்தாள். சேலைத் தடுப்பு தொட்டிப் பக்கம் படுத்துக் கிடந்தது, அதன் கம்பிகளுக்கு நடுவே கழுவிய தட்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. இண்டிகேட்டர்கள் நான்கும் ஜன்னல் திண்டில் இருந்தன. சட்டம் சொன்ன எல்லாமே அந்த வீட்டில் இருந்தன. வண்டியில்தான் இல்லை.

மறுநாள் பிரியாணிக்காகத் திண்டுக்கல் போனேன். சகாயமேரியின் வண்டியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு வாத்தியாரின் பழைய பைக்கை வாங்கிக்கொண்டேன். வாத்தியார் வண்டி என்பதால் அதில் எல்லாம் இருந்தன, கண்ணாடிகளில் கடையில் சுற்றிக் கொடுத்த பாலிதீன் உறைகூட இருந்தது. எங்கள் நாட்டில் மோட்டாருக்குப் பகலிலும் முன் விளக்கு எரிய வேண்டும். கை தானாகப் போய் விளக்கைப் போட்டுவிட்டது. ஆத்தூர் பக்கம் வந்தபோது எதிரே வந்த ஒருவர் கையைத் தூக்கி விரல்களை விரித்து விரித்து மூடினார். நல்ல மனுஷன் என்று நானும் அதே மாதிரி செய்தேன். அடுத்து வந்தவரும் செய்தார். பால் கேன் கட்டி வந்தவர், டிராக்டர்காரர், மூன்று பேராக ஒரே வண்டியில் வந்தவர்களில் நடுவில் இருந்தவர் என்று எல்லோருமே எனக்கு வணக்கம் வைத்தார்கள். ஈப்போவில் எதிர்வீட்டுக்காரன்கூட இப்படிக் கையசைத்ததில்லை. கண் கலங்கிப் போய் ஊர் போய்ச் சேரும்வரை எல்லோருக்கும் விரலை விரித்து மூடிக்கொண்டே போனேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற பெண்தான் உடைத்துச் சொன்னாள். பகலில் லைட் எரிகிறது, அணையுங்கள் என்று இத்தனை பேரும் சொல்லியிருக்கிறார்கள்.

பைபாஸில் போலீஸ் சோதனை. அதற்கு முந்நூறு அடி முன்னாலிருந்தே டேங்கிலும் முழங்கையிலும் கிடந்த ஹெல்மெட்டுகள் தலைக்கு ஏறின. பாதி கழன்ற முகக்கண்ணாடி, அறுந்த வார், சட்டி கவிழ்த்த மாதிரி ஒன்று என்று எல்லாமே தடையில்லாமல் போயின. என்னை மட்டும் ஓரம் கட்டினார்கள். கான்ஸ்டபிள் என் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் நாட்டு முத்திரை, ஐரோப்பிய முத்திரை, இரண்டையும் காட்டினேன். அவர் தேடியது ஐ.எஸ்.ஐ. முத்திரையை. அது இல்லாத ஹெல்மெட் சட்டப்படி ஹெல்மெட்டே இல்லை என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி, என் தாளிலேயே அந்த விதி எழுதியிருந்தது. என்னுடையது ஹெல்மெட் என்ற நம்பிக்கையில் அந்த வரியை நான் தாண்டிப் போயிருந்தேன். வெளிநாட்டுக்காரர் என்பதால் அபராதம் போடாமல் அனுப்பினார். அனுப்பும்போது, அடுத்த தடவை நல்ல ஹெல்மெட்டாக வாங்கிப் போடுங்கள் என்று அக்கறையோடு புத்தி சொன்னார்.

பிரியாணி நன்றாக இருந்தது என்று எழுதினால் திண்டுக்கல்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், நன்றாக இருப்பது அங்கே செய்தியில்லை. சின்ன அரிசி, எலும்போடு கறி, தயிர் வெங்காயம். எங்கள் ஊர் பிரியாணியில் முந்திரியும் திராட்சையும் போட்டு ஒரு பாயச யோசனை இருக்கும். இங்கே அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. பரிமாறியவர் என் தலையைப் பார்த்து, சாப்பிடும்போதாவது அதைக் கழற்றலாமே என்றார். போலீசிடம் மாட்டிய அதிர்ச்சியில் நான் ஹெல்மெட்டோடே உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம்தான் சகாயமேரியின் கவலை எனக்குத் தெரிந்தது. ஆறு தோட்டக்காரர்களிடம் காலையில் மல்லிகையும் சம்பங்கியும் எடுத்து, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் பிழைப்பு. பதினைந்து வருடமாக அதே மொபெட். அந்தப் பதினைந்து வருடம்தான் இப்போது வில்லங்கம். அடுத்த செவ்வாய்க்கிழமையோடு வண்டியின் ஆர்.சி. முடிகிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி பாஸ் வாங்கினால்தான் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். வாங்காவிட்டால் அது இரும்பு.

இரும்பானால் காத்துக்கொண்டிருக்க ஓர் ஆள் இருந்தான். பெயர் பாண்டி, சொந்தமாக மினிவேன். செவ்வாய்க்குப் பிறகு அக்கா வண்டி செல்லாது, பூவை எனக்குப் போடுங்கள் என்று ஆறு தோட்டத்திலும் சொல்லி வைத்துவிட்டான். ஒரு நாள் தவறினாலும் பூ வாடும், வாடினால் தோட்டக்காரர் அவன் பக்கம் போய்விடுவார், போனவர் திரும்பி வருவதில்லை. அவளை இன்னொன்றும் அரித்தது.

“நான் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் நான் கெளம்புன கையோட அவனும் வந்து நிக்கிறானாம்ணே. போற வரிசைய மாத்தி மாத்திப் பாத்துட்டேன். அப்பயும் கரெட்டா வாரான். நம்ம ஆளுகள்ல யாரோ போன் போட்டுச் சொல்லிக்குடுக்குறாக.”

யாராக இருக்கும் என்று ஒவ்வொரு தோட்டக்காரரையும் சந்தேகப்பட்டுப் பார்த்திருக்கிறாள். சந்தேகத்தில் இரண்டு பேரிடம் பேச்சே குறைந்துவிட்டதாம்.

வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸ். சாமான்களை எல்லாம் வண்டியில் மாட்டுவோம், வெங்காயத்தைக் கொட்டு என்று நான் விடிந்ததும் எழுந்து நின்றேன். அதெல்லாம் வேண்டாம், கனி பாய் பார்த்துக்கொள்வார் என்றாள் அவள். கனி பாய் ஊர் மெக்கானிக். எங்களைக் கண்டதும் உள்ளே போய் ஓர் உரச் சாக்கை எடுத்து வந்து தரையில் கவிழ்த்தார். இரண்டு கண்ணாடி, நான்கு இண்டிகேட்டர், ஒரு சேலைத் தடுப்பு, பிடி, பின் சிவப்பு விளக்கு எல்லாம் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தன. அதற்குப் பெயர் எஃப்.சி. செட்டு. இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்த வண்டிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் நாள் வந்தாலும் செட்டு ஏறும், பாஸ் ஆகும், சாயங்காலம் இறங்கிச் சாக்குக்குள் போகும்.

“இதுவரைக்கும் ஃபெயிலே ஆனதில்ல பாய். மாஷா அல்லா, ராசியான செட்டு” என்றார் என்னைப் பார்த்து. அவருக்கு எல்லோரும் பாய்தான்.

கண்ணாடி ராசிக்கு இல்லை, பின்னால் வருவதைப் பார்ப்பதற்கு என்று நான் ஒரு சின்ன வகுப்பே எடுத்தேன். பாய் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நட்டை முறுக்கினார். அரை மணி நேரத்தில் மொபெட் ஷோரூமிலிருந்து வந்த மாதிரி நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் பெருமையாக இருந்தது.

ஆபீஸ் மைதானத்தில் வரிசை, கனி பாயும் எங்களோடு வந்திருந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், கையில் அட்டை. எங்கள் வண்டியிடம் வந்தார், இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தார், பிரேக்கை அழுத்தினார். பிறகு வலது கண்ணாடியின் முதுகைத் தடவினார். அதில் ஒரு பச்சைக் கிளி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

“இந்தக் கிளி போன வாரமும் வந்துச்சு. அதுக்கு முந்தின வாரமும் வந்துச்சு. வண்டிதான் மாறிக்கிட்டே இருக்கு.”

சகாயமேரி தரையைப் பார்த்தாள். கனி பாய் ஆகாயத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அட்டையை மடக்கிவிட்டு, வண்டியை யார் ஓட்டுவது, லைசென்ஸைக் காட்டுங்கள் என்றார். சகாயமேரி என்னைப் பார்த்தாள். அவளிடம் லைசென்ஸ் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. ஊரே கூடி வண்டிக்கு என்னென்ன வேண்டும் என்று பார்த்தோமே தவிர, ஓட்டுகிறவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. லைசென்ஸ் வாங்கிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கும் தோன்றவில்லை.

இருபத்தெட்டு வருடத்தில் ஓர் அதிகாரியிடம் நான் பொய் சொன்னதில்லை. அன்று சொன்னேன். நான்தான் சார் ஓட்டுகிறேன் என்று என் சர்வதேச லைசென்ஸை நீட்டினேன். அவர் அதை நிதானமாக முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார்.

“மலேசியாவுலருந்து தினமும் காலைல வந்து பூ எடுத்துட்டுப் போறீங்களா சார்?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மனிதர் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. அட்டையில் எழுதிக்கொண்டே தீர்ப்பு சொன்னார்.

“செட்டு பாஸ். வண்டி ஃபெயில்.”

நகரப் போனவர் சகாயமேரியின் முகத்தைப் பார்த்து நின்றார். வண்டியின் சொந்தச் சாமானை மாட்டி, பழகுகிறவர்களுக்கான எல்.எல்.ஆர். எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வா, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். கனி பாய்க்கு அவமானமாகிவிட்டது. அந்தச் செட்டுக்கு அது முதல் தோல்வி.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் சென்டர் பெண்மணி தாள்களை எல்லாம் ஏற்றிக் கொடுக்க, எல்.எல்.ஆர். பரீட்சைக்கு நான் பயிற்சி கொடுத்தேன். திரும்புவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். ஹாரன் அடிக்க வேண்டும் என்றாள். ஆம்புலன்ஸ் வந்தால்? ஹாரன். பள்ளிக்கூடம் வந்தால்? கொஞ்சம் மெதுவாக ஹாரன். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆனால் பரீட்சையில் பாஸாகிவிட்டாள். கேள்விகளில் எது சரி என்று யோசிக்கவில்லை, தான் என்ன செய்வோமோ அதை விட்டுவிட்டு மற்றதில் ஒன்றைத் தொட்டாளாம். பதினைந்து வருடம் ஓட்டியவள் நெற்றியில் பொட்டு வைக்கிற கவனத்தோடு வண்டிக்கு முன்னும் பின்னும் சிவப்பில் ‘எல்’ ஒட்டிக்கொண்டாள். பழகுகிற ஆள் பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது, சொல்லிக்கொடுப்பவரைத் தவிர. என் தாளில் இருந்த அந்த விதியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். இந்த நாட்டில் எனக்கும் ஒரு சட்டப்படியான இடம் கிடைத்துவிட்டது, அது அவள் முதுகுக்குப் பின்னால்.

சனிக்கிழமை சாமான்கள் வண்டிக்குத் திரும்பின. தட்டுகள் தரைக்கு வந்தன, வெங்காயம் பாத்திரத்துக்குப் போனது. கழுவியும் ஹெல்மெட்டில் வாடை போகாததால் அவளுக்குப் புதிதாக ஒன்று, எனக்கு ஐ.எஸ்.ஐ. ஒன்று வாங்கி வந்தோம். எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு மாட்டியவள் கண்ணாடியில் மட்டும் முரண்டு பிடித்தாள். திங்கட்கிழமை பாஸான கையோடு கழற்றிவிடுவேன் என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏறிவிட்டது என்றே சொல்லலாம். கண்ணாடி இல்லாமல் ஓட்டுவது கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவது, இதைக்கூடப் புரிந்துகொள்ளாத உனக்கு எதற்கு வண்டி என்று சத்தம் போட்டேன். அவள் வீட்டில் கிடந்த சாக்குகளில் வைக்கோலைத் திணித்தாள். பின் கேரியரில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, முன்னால் காலடியில் ஒன்று என்று தினமும் பூ ஏற்றுகிற மாதிரியே கட்டினாள்.

“இப்ப ஒக்காந்து கண்ணாடியப் பாருங்கண்ணே.”

உட்கார்ந்து பார்த்தேன். இடது கண்ணாடியில் சாக்கு. வலது கண்ணாடியில் சாக்கு. இந்தப் பக்கம் சாய்ந்தேன், அந்தப் பக்கம் சாய்ந்தேன். சாக்கின் தையல்தான் தெரிந்தது.

“இம்புட்டு நாளும் இதத்தான் பாத்துட்டு வரணுமாக்கும். அதான் கழட்டி வச்சேன். குளிக்கிற எடத்துல மாட்டுனா அவராவது மூஞ்சியப் பாக்குறாரு.”

சட்டத்தை எழுதியவருக்குப் பின் சீட்டில் சேலை கட்டிய பெண்ணை நினைக்கத் தெரிந்தது. சேலை கட்டிய பெண்ணே முன் சீட்டில் இருப்பாள், பின்னால் பூச்சாக்கு இருக்கும் என்று நினைக்கத் தெரியவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. என் மாணவர்கள் எல்லோரும் காலி வண்டியில்தான் கண்ணாடி பார்க்கப் படித்தார்கள். கத்தியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு கனி பாயிடம் போய், இரண்டு கண்ணாடிக் கம்பியையும் சாக்கின் அகலத்துக்கு வெளியே வரும்படி நீட்டி வெல்டு வைக்கச் சொன்னேன். பாய் அளந்து பார்த்து முழுசாக ஒரு மத்தியானம் அதில் உட்கார்ந்தார். செட்டு தோற்ற வருத்தம் அந்த வேலையில் கொஞ்சம் ஆறியது.

ஞாயிற்றுக்கிழமை மந்திரிப்பு. பங்குச் சாமியார் வீடெல்லாம் தீர்த்தம் தெளித்து முடித்து, வண்டியையும் மந்திரித்தார். சாலையில் எச்சரிக்கை பற்றி இரண்டு வார்த்தை நன்றாகப் பேசிவிட்டு, ஹெல்மெட் இல்லாமல் தன் பைக்கில் ஏறிப் போனார். பாண்டியும் வந்திருந்தான். அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டு, கறிச் சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் நல்ல ருசி என்று பாராட்டினான். போகும்போது வண்டியின் கண்ணாடிக் கம்பிகளைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“என்னக்கா, வண்டிக்குக் கொம்பு மொளச்சிருக்கு.”

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரும் அந்தக் கம்பிகளிடம்தான் முதலில் நின்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார், உங்கள் ஊர் நாகரிகமா என்று கேட்டார். இது இவள் ஊர்ப் பூவுக்காக என்றேன். பாதி நம்பினார். அவள் கையோடு கொண்டு வந்திருந்த சாக்குகளை வைத்துக் கட்டிக் காட்டியதும் தானே ஏறி உட்கார்ந்தார், இடம் பார்த்தார், வலம் பார்த்தார், கொஞ்ச நேரம் இறங்கவில்லை. எல்.எல்.ஆர். வாங்கிப் பார்த்தார். முப்பது நாள் கழித்து லைசென்ஸுக்கும் இதே வண்டியில் வந்து எட்டு போட்டுக் காட்ட வேண்டும் என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். சகாயமேரி அந்த மைதானத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டாள். கனி பாய், இனிமேல் அந்தச் செட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடப்போவதாக என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் உறுதி போதவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் இருவரும் கிளம்பினோம். முன்னால் ‘எல்’, பின்னால் ‘எல்’, இரண்டு ஹெல்மெட், நீண்ட கண்ணாடிகள். என் ஜாக்கெட்டை மட்டும் அவள் வற்புறுத்தி நேராகப் போட வைத்தாள், தோட்டக்காரர்கள் பயந்துவிடுவார்களாம். முதல் இரண்டு தோட்டத்தில் மல்லிகை ஏற்றினோம். சாக்கு ஏற ஏற நான் ஒடுங்கிக்கொண்டே வந்தேன். மூன்றாவதாகப் போக வேண்டிய தோட்டத்துக்குத் தென்னந்தோப்பு வழியாகப் பாதை. இடது பக்கம் குளத்துக்கரைத் தோட்டமும், வலது பக்கம் சம்பங்கித் தோட்டமும் பிரிகிற இடம் வருவதற்குச் செத்த நேரம் முன்னால் அவள் வேகத்தைக் குறைத்தாள். வலது கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி பார்க்கிறாள் என்று எனக்கு ஆனந்தம்.

“அண்ணே, திரும்பாதீக. பின்னாடி வெள்ள வேனு. நம்ம கெளம்புன எடத்துலருந்து வாரான்.”

திரும்பாமல் நானும் அதே கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். இருநூறு அடி தள்ளி, அவசரம் எதுவும் இல்லாமல் ஒரு மினிவேன் எங்கள் வேகத்திலேயே வந்துகொண்டிருந்தது.

அவள் அதே வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டினாள். பிறகு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “யாரும் போன் போடல. ஒருத்தரும் சொல்லிக்குடுக்கல. நாந்தேன் தெனமும் கூட்டிட்டுப் போயிருக்கேன்.” சந்தேகப்பட்டுப் பேசாமல் விட்ட அந்த இரண்டு பேரின் பெயரையும் சொல்லி, அவர்கள் முகத்தில் இன்று எப்படி முழிப்பேன் என்றாள். அந்தக் குரலில் அழுகை இருந்தது. கண்ணாடி எதற்கு என்று இருபத்தெட்டு வருடம் விளக்கியவன்தான், அது இதையும் காட்டும் என்று நானும் நினைத்ததில்லை.

பிரிகிற இடம் நெருங்கியது. சகாயமேரியின் பெருவிரல் மெதுவாக நகர்ந்தது. இடது இண்டிகேட்டர் மினுங்க ஆரம்பித்தது. அவள் வாழ்க்கையில் சாலையில் போட்ட முதல் இண்டிகேட்டர், நூறு அடிக்கு முன்னாலேயே, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. பாண்டி அதைப் பார்த்துவிட்டான். நாங்கள் போகிற இடம் இன்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது, குளத்துக்கரைத் தோட்டத்துக்கு முதலில் போய் நின்றுவிட வேண்டும் என்று தோன்றியிருக்கும், வேன் உறுமிக்கொண்டு எங்களைத் தாண்டி இடது பக்கம் திரும்பிப் புழுதியோடு மறைந்தது. சகாயமேரி நிதானமாக வலது பக்கம் திரும்பினாள்.

சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் நான் கண்டித்திருக்க வேண்டும். எந்த நாட்டுச் சட்டத்திலும் இது தப்பு. பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டதோடு சரி. சம்பங்கித் தோட்டத்தில் பறித்துக் குவித்த பூ எங்களுக்காகக் காத்திருந்தது, தோட்டக்காரர் சாக்கைப் பிரித்தார். வண்டியை நிறுத்திய பிறகும் இடது விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. சரி, இதையாவது சொல்வோம் என்று, திரும்பியபின் இண்டிகேட்டரை அணைக்க வேண்டும் என்றேன்.

“இருக்கட்டும்ணே. அவன் திரும்பி வந்தாலும் வருவான்.”